ஐரின் உடுத்திய ஐந்து சொற்கள்

1

இந்தக் கதை என் அற்பத்தனத்தில் பிறந்தது. தொம்மலூர் பேருந்தில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் குர்த்தா முதுகில், மஞ்சள் நூலில், "கோதுமை எனக்கு ஆகாது. ஒரு துளிகூட" என்று தைத்திருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயர் தெரியாது. ஐரின் என்பது நான் வைத்தது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கம்: 'ஐரினுக்கு சீலியாக் நோய் என்று டாக்டர் சொன்ன அன்று பெங்களூரில் மழை—'

(வேண்டாம். மழைக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?)

இன்னொன்று: 'நாற்பத்தொரு வயது ஐரின், பூகோள டீச்சர், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுபவள்.' இது இருக்கட்டும்.

கோதுமை உள்ளே போனால் அவள் உடம்பு தன் குடலையே தாக்கிக்கொள்ளும். மருந்து கிடையாது, தவிர்க்கத்தான் வேண்டும். தப்பித் தவறி ஒரு துணுக்குப் போனாலும் பத்து நாள் படுக்கை.

[இடைக்குறிப்பு: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ஆகவே பக்கத்து வீட்டு ரசத்தையும் அவளால் நம்பமுடியாது. எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே இது தெரிந்தது.]

"ஒரு வாய்தானே ஐரின், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்தது. விருந்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்களுக்கும் அலுத்தது. அதன் பிறகுதான் ஊசியையும் மஞ்சள் நூலையும் எடுத்தாள்.

3

ஆறு ஞாயிறு அதே குர்த்தாவோடு கோயிலுக்குப் போனாள். பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்கும் கேத்தரின் மட்டும் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"கை வேலை சூப்பரா இருக்கு. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன். 'ஆண்டவரே துணை'ன்னு."

"படிச்சியா கேத்தரின்?"

"படிக்காமயா? எழுத்து எவ்ளோ நீட்டா இருக்கு!"

வீட்டுக்கு வந்து ஐரின் குமுறிக் குமுறி—

(இல்லை. அவள் அழவில்லை. மிச்ச நூலைச் சுற்றி டப்பாவில் வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.)

4

கோயில் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பமும் கோதுமைதான். கோதுமையே இல்லாமல் செய்தால் திருச்சபை ஏற்காது. மூன்று வருடமாக எல்லோரும் வரிசையில் போகும்போது ஐரின் இடத்தைவிட்டு அசையவில்லை. அப்பம் வாங்கக் கூடாதபடி என்ன பாவம் செய்தாளோ என்று பின்பெஞ்சு பேசியது. சாப்பாட்டுப் பந்தியை அவள் விட்டுவிட்டாள். இந்தப் பந்தியை மட்டும் விட முடியவில்லை.

ஃபாதர் கிளெமென்ட் ஒருநாள் அவளை நிறுத்தி, குர்த்தாவை நிதானமாக வாசித்தார்.

"ஏம்மா, இத்தனை நாளா எங்கிட்ட சொல்லலயே?"

"போட்டுக்கிட்டுதானே ஃபாதர் வந்தேன்."

அவர் சங்கடப்பட்டார். "அப்பம் வேணாம். ஞாயித்துக்கெழம கிண்ணத்துலேர்ந்து திராட்சை ரசம் மட்டும் குடிங்க. அப்பம் தின்ன வாய் படறதுக்கு முன்னாடி, மொதல் ஆளா வந்துடுங்க."

அந்த வாரம் முழுக்க ஐரின் வகுப்பில் யாரையும் திட்டவில்லை.

5

பூசையில் அப்பத்தைப் பிட்டதும் ஒரு சிறு துணுக்கைக் கிண்ணத்துக்குள் போடுவது முறை. ஃபாதர் முப்பது வருடமாகத் தினமும் செய்வது. அன்றும் கை தன்பாட்டில் செய்துவிட்டது. அவளுக்கென்று தனிக் கிண்ணம் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. பாடகர் குழுவிலிருந்து ஐரின் அதைப் பார்த்துவிட்டாள்.

ஆனாலும் வந்து நின்றாள், முதல் ஆளாக. கிண்ணம் நீள்கிறது. ஃபாதர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

முடிவு ஒன்று: குடிக்கிறாள். (எழுதினேன். அவளைத் தியாகியாக்கி நான் அழகு பார்ப்பது தெரிந்தது. கிழித்துப் போட்டேன்.)

முடிவு இரண்டு: தலையாட்டிவிட்டுத் திரும்புகிறாள். அவளுக்காகவே செய்ததையும் வேண்டாமென்கிறாள், திமிர் என்பார்கள். மறுபடி பெஞ்சு, இந்த முறை ஆயுளுக்கும். (நடக்கக்கூடியது இதுதான். எழுதக் கை வரவில்லை.)

முடிவு மூன்று: வரிசையிலிருந்து ஒரு குரல், "ஃபாதர், அதுல அப்பம் விழுந்துருக்கு, அவங்களுக்கு ஆகாது" என்று—

யார் குரல்? கேத்தரினுக்குக் கொடுத்துப் பார்த்தேன், அவள் வாயில் பொருந்தவில்லை. ஐரினே சொல்லட்டும் என்றால், இதற்கு மேலும் அவளையே சொல்ல வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே ஐரினுக்கு அடுத்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே நிற்பது நீங்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். கிண்ணம் அவள் உதட்டருகே வந்துவிட்டது. சொல்வதானால் இப்போதே சொல்லுங்கள்.