நாற்பத்து மூன்று அடுக்குச் சுவர்

கடைத்தெருவுக்குப் புத்துயிர் கொடுக்கக் குழு அமைத்தபோது அந்தத் தெரு உயிரோடுதான் இருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். புறவழிச்சாலையில் பெரிய கடைகள் வந்த பிறகு வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். மீதிப் பேரைப் பிடித்து வைக்க ஒவ்வொரு கடைக்காரரும் ஏதோ ஒன்றை நம்பியிருந்தார். பெயிண்டுக்கடை அக்கா நம்பியிருந்தது கடையின் பக்கச்சுவரை.

பெரிய கடையில் கட்டைவிரல் அகல அட்டையைக் காட்டி நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அக்கா கடையில் ஒரு கரண்டி அளவு கலந்து, பிரஷ்ஷை முக்கிச் சுவரில் ஒரே இழுப்பு. அது காயும்வரை ஊர்வம்பு பேசலாம். வெயிலில் எப்படி, மேகம் மறைத்தால் எப்படி என்று பார்த்துவிட்டு வாங்கலாம். மாமனார் காலத்திலிருந்து அதற்குப் பெயர் சாம்பிள் சுவர்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். தும்முவதற்குக்கூட முன்னுரை சொல்கிறவர். அவர் பழைய கட்டடங்களை ஆராயும் ஒரு நிபுணரை அழைத்து வந்தார். நிபுணர் வந்த நாளில் அக்கா பல் டாக்டரிடம் போயிருந்தாள். கடையில் கொழுந்தன் மட்டும் இருந்தான்.

நிபுணர் சின்னக் கத்தியால் சுவரைச் சுரண்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சுவருக்கு எவ்வளவு காலமா வண்ணம் பூசுறீங்க?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து சார். ஒரு நாள் விட்டதில்ல."

நிபுணருக்குக் கண் கலங்கிவிட்டது.

அறிக்கை வந்தது. சுவரில் நாற்பத்து மூன்று அடுக்குகள். முன்னோரின் வண்ண உணர்வுக்கு அரிய சாட்சி. அதில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் இளம்பச்சையே இத்தெருவின் மூல நிறம். அடுத்த வாரம் சுவருக்கு முன்னால் பித்தளைக் கம்பம் நட்டு, சிவப்புக் கயிறு கட்டி, பலகை வைத்தார்கள்: 'தொன்மைச் சின்னம். தொடாதீர்கள்.'

"சாம்பிள்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா தம்பி? பல்லு புடுங்கிட்டு வந்தது நானு!"

"அவர் அதக் கேக்கலையே அண்ணி."

எதிர்க்கடைத் தையல்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சுரண்டிய இடத்தில் தெரிந்த மூல நிறத்தைப் பார்த்தார். "இது எங்க வீட்டுக் கக்கூஸுக்கு வாங்கினதும்மா. அப்பவே என் பொண்டாட்டி வேணாம்னா."

அக்கா தலைவரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா. ஆனா அறிக்கை மேலிடத்துக்குப் போயிடுச்சே. இப்ப போய் சுவர மாத்தினா நல்லாவா இருக்கும்?"

"தெருவுல வியாபாரத்த வளர்க்கத்தான குழு போட்டீங்க?"

"அதுக்குத்தான் கயிறு கட்டியிருக்கோம்."

தினமும் இருபது பேர் வந்து சுவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் கால் லிட்டர் வாங்கவில்லை. வாடிக்கையாளர்கள் கயிறு வரை வந்து, பலகையைப் படித்து, "யோசிச்சிட்டு வர்றேங்க" என்று பஸ் ஏறினார்கள். அந்த பஸ் எங்கே போகும் என்று அக்காவுக்குத் தெரியும். மூன்றாவது வாரம் கலவை மிஷின் மேல் தூசி படிந்தது. பெரிய கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கொழுந்தன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். அக்கா மிஷின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான் என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

ஞாயிறு காலை தலைவர் தன் மனைவியோடு வந்தார். படுக்கையறைக்கு நிறம் பார்க்க வேண்டுமாம். அக்கா அட்டையை நீட்டினாள்.

"இதென்னம்மா, பஸ் டிக்கெட் மாதிரி? சுவர்ல இழுத்துக் காட்டு" என்றார் அந்த அம்மாள்.

"அது தொன்மைச் சின்னம்மா. சார்தான் கயிறு கட்டினாரு."

அம்மாள் கணவரைப் பார்த்தார். முப்பத்தைந்து வருட தாம்பத்தியம் அந்தப் பார்வையில் இருந்தது.

"என்னங்க, கயித்தக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."

"இல்ல, அதாவது, இதுல ஒரு கோட்பாடு..."

"எனக்கு முதுகு வளையாது. நல்லாத் தூக்குங்க."

தலைவர் தூக்கினார். அம்மாள் உள்ளே போய் இரண்டு நீலமும் ஒரு சந்தனமும் இழுத்துப் பார்த்தார். வழியில் போன ஒருவர் நின்றார். "சார், கைய இறக்கிடாதீங்க, நானும் ஒண்ணு இழுத்துக்கிறேன்." அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். தலைவருக்குக் கை மரத்துப்போனது.

மறுநாள் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: 'குழுத் தலைவர் முன்னிலையில் மட்டும் தொடலாம்.' கௌரவம் தப்பியது என்று அவர் நினைத்தார்.

காலை ஒன்பதே காலுக்குக் கொழுந்தன் போன் செய்தான். "சார், ஒருத்தர் ஜன்னலுக்குப் பெயிண்ட் பாக்கணுங்கிறாரு. வந்துடுறீங்களா?" தலைவர் வந்து நின்றார். பத்தரைக்கு மறுபடி போன். சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. மதியத் தூக்கத்தில் ஒன்று. மறுநாளும் இதே கதை. புதன்கிழமை ஐந்தாவது போனுக்கு, "அந்தக் கயித்த அவுத்துத் தொலைப்பா!" என்று அவர் முன்னுரையே இல்லாமல் கத்தினார்.

அக்கா போனை வாங்கினாள். மிஷின் சத்தத்தில் அவளும் கத்தத்தான் வேண்டியிருந்தது.

"அத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க சார். நாளைக்கு இன்னொரு நிபுணர் வந்தா காட்டணும்ல?"