ஐந்து கோடு தண்ணீர்

இப்போதெல்லாம் இல்லாமையைச் சொல்லிக்கொள்ள யாருக்கும் கூச்சமே இல்லை. முன்பு அடுப்பு எரியாத வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டு, சாப்பிட்டு முடித்த மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். இன்றைக்கு எவராவது நோட்டும் பேனாவுமாக வந்தால் போதும், எனக்கு இல்லை, எனக்கு இல்லை என்று முண்டியடிக்கிறார்கள். அதில் முதல் ஆள் என் தம்பி.

மூன்று வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. வறட்சிக்குத் திட்டம் போடுகிறோம் என்று போன மாதம் ஓர் அதிகாரியம்மா வந்து, பள்ளிக்கூட அறையில் எங்களை உட்காரவைத்தார். வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்தார். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது என்பதால் படம் போட வேண்டும். கிணற்றுக்கு ஒரு வட்டம், உள்ளே எத்தனை அடி தண்ணீரோ அத்தனை கோடு.

தம்பி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். வட்டம் போட்டான். கோடே போடாமல் அட்டையை நீட்டிவிட்டான். சுற்றி இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவனுக்கு மட்டும் எப்படியோ இந்தப் பரிவு கிடைத்துவிடும். சின்ன வயதில் ஒரே கிளையிலிருந்து இரண்டு பேரும் விழுந்தோம். அம்மா ஓடிவந்து தூக்கியது அவனைத்தான். நான் நானாகவே எழுந்தேன்.

நான் ஐந்து கோடு போட்டேன். அன்று என் கிணற்றில் இருந்தது வெறும் சேறு.

இன்று காலை முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். சுவரில் மூன்று தாள் ஒட்டியிருந்தார்கள். முதலாவது உடனே உதவி வேண்டியவர்கள், இரண்டாவது கொஞ்சம் பொறுக்கக்கூடியவர்கள், மூன்றாவது சமாளித்துக்கொள்பவர்கள். மூன்றாவது தாளில் ஒரே ஒரு அட்டை தொங்கியது. என்னுடையது.

“என்னண்ணே, உங்க கிணத்துல நீச்சல் பழக வரலாமா?” என்றான் தையல்காரன். ஊர்ச் சேதியெல்லாம் அவன் வாயில்தான் ஓடும். ரேடியோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

“உன் வாயை மூடுறதுக்கு ஒரு ஊசிநூல் இருக்கான்னு பாரு” என்றேன். சிரிப்பு அடங்கவே இல்லை.

எங்கள் சரிவுக்கு ஒரே ஒரு பண்ணைக் குட்டை. மழைத் தண்ணீர் ஓடிவிடாமல் பிடித்துவைக்கும் குழி. அது தம்பி நிலத்தில் என்று அதிகாரியம்மா சொன்னபோது என் காது சூடாகிவிட்டது.

“அவனுக்குத்தானே வரும். அவன் மூஞ்சி அப்படி.”

“ஐயா, அவர் தன் கிணறு இருக்கிற மேட்டுப் பக்கம் கேக்கல. உங்க வரப்பை ஒட்டின மூலையிலதான் வெட்டணும்னு சொல்லியிருக்கார். வெட்டுற மண்ணை உங்க பக்கம் கொட்டணும். அதுக்கு உங்க கையெழுத்து வேணும்.”

“என் மேல மண்ணை அள்ளிப் போட என்கிட்டயே கையெழுத்தா?”

“அண்ணே, அங்க வெட்டினா உன் கிணத்துக்கும் ஊறும்” என்றான் தம்பி.

“என் கிணத்துக்கு என்னடா? அஞ்சு கோடு இருக்கு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிணற்று மோட்டாரை நான் கழற்றி வீட்டுக்குள் சாக்கைப் போட்டு மூடிவைத்தது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல் எனக்குப் பிச்சை போடுகிறானே, அதுதான் எரிந்தது. கூச்சல் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“நாளைக்கு இயந்திரம் வருது. இப்ப சம்மதம் இல்லேன்னா குட்டை அடுத்த சரிவுக்குப் போயிடும்” என்றார் அதிகாரியம்மா.

“போகட்டும்” என்றேன்.

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரி எழுந்தாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் கூட்டத்தில் அவள் வாய் திறந்தது இல்லை.

“அம்மா, அந்தக் கோட்டை எல்லாம் அழிங்க. எங்க கிணத்துல தவளைகூட இல்ல. ரெண்டு மாசமா சின்னவர் அடுத்த ஊர்லேர்ந்து கொண்டாந்து வைக்கிற குடத்துலதான் நாங்க குடிக்கிறோம். இவருக்குத் தெரியாம நான்தான் கொண்டாறேன்.”

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ரேடியோகூட ஜன்னலைப் பார்த்தான். இரண்டு மாதமாகத் தம்பி தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் அவனைத் திட்டியிருக்கிறேன்.

பேனாவை வாங்கி, பேப்பர் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

“அண்ணே…” என்றான் தம்பி.

“என்ன நொண்ணே” என்றுவிட்டு இறங்கிவந்தேன்.

நேரே நிலத்துக்குப் போனேன். வரப்பு மூலையில் குட்டைக்கு அடையாளமாக முளை அடித்திருந்தார்கள். அங்கிருந்து என் கிணற்றுக்குக் காலடி வைத்து எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு. அவன் கிணற்றுக்கு எழுபது. நம்பாமல் திரும்பவும் நடந்தேன். அதேதான்.

எனக்குப் பக்கமாக எதற்கு வைக்கிறான்? சும்மாவா வைப்பான்? நாளைக்கு ஊரெல்லாம் அவனை மெச்சும், தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் நான் அவனை நினைக்க வேண்டும். இதில் என்னவோ இருக்கிறது. முளையை ஒரு தடவை காலால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தேன்.