மாவுக் கை

"கையை நனைச்சுக்கோங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று ஹாலில் கட்டிலில் இருந்தபடி மனைவி கேட்டபோது, அவருடைய இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மாவுக்குள் இருந்தன.

நனைக்கத்தான் நினைத்தார். குழாயைத் திறக்கவும் கைதானே வேண்டும்! தவிடு நீக்காத கோதுமை மாவு வெள்ளை மாவைப் போல் சொன்ன பேச்சு கேட்காது. சேறு மாதிரி அப்பிக்கொண்டு விரலுக்கு விரல் பாலம் போடும். முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். பத்து டன் இரும்பை இரண்டு விரலால் தூக்கி இறக்கியவருக்கு ஒரு கிண்ணம் மாவு தண்ணி காட்டியது.

அவள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டெண்டாக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே ரொட்டியில் இறங்கிவிட்டாள். கடை ஈஸ்ட் கிடையாது. மாவும் தண்ணீரும் கலந்து ஒரு ஜாடியில் புளிக்க வைத்து, தினமும் அதற்குத் தீனி போட்டு, அதை வைத்தே ரொட்டியைப் பொங்க வைப்பாள். அந்த ஜாடிக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. "மாவுல பொறந்த பிள்ளை மாப்பிள்ளைதானே? வேளாவேளைக்குக் கவனிக்கணும். இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்" என்பாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், அவள் இதயம் இனி அதிக நாள் தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலை ஹாலுக்கு மாற்றினார். அங்கிருந்து சமையலறை மேடை பாதி தெரியும். இன்று மாலை நாலு மணிக்கு மகள் வருகிறாள். விடிந்ததிலிருந்து ஒரே பிடிவாதம்.

"அவ உள்ள வரப்போ ரொட்டி வாசனை வரணும். மருந்து வாசனைல அவ வரக் கூடாது."

"எனக்கு இதெல்லாம் வருமா?"

"வரும். நான் சொல்லச் சொல்லச் செய்ங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. கைகளை உதறிக்கொண்டே அவர் முணுமுணுத்தார். "சரிங்க டீச்சரம்மா."

டீச்சர் இல்லை, லேப் அசிஸ்டெண்ட் என்று உடனே திருத்துவாள். நாற்பது வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறாள். இன்று பதில் வரவில்லை.

எட்டிப் பார்த்தார். அவள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். வாய் மட்டும் காற்றைத் தேடித் திறந்து திறந்து மூடியது.

ஓடிப் போய்த் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். மாவு அவள் நைட்டியில் ஒட்டியது. தலையணையைச் செருகப் போனால் அதுவும் கையோடு வந்தது. "என்னம்மா, என்ன பண்ணுது?" அவள் கண் அவரைப் பார்த்தது போலவும் இருந்தது, பார்க்காதது போலவும் இருந்தது. நர்ஸ் நம்பரை எடுக்கப் போனைத் தொட்டார். திரை அசையவில்லை. சட்டையில் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டார். மாவு தீற்றிக்கொண்டதே தவிர போன் திறக்கவில்லை. மூக்கு நுனியால் அழுத்தினார். ஏதோ பாட்டுதான் கேட்டது.

இருப்பதா, போவதா? விட்டுவிட்டுப் போனால் அவள் தனியாக இருப்பாள். இருந்தால் யாரைக் கூப்பிடுவது? "இதோ வந்துட்டேன், ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளி, எதிர்வீட்டுக் கதவைக் காலால் உதைத்தார்.

எதிர்வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பாதி சவரத்தில் ஓடி வந்தார். இருவரும் உள்ளே வந்தபோது அவள் வாய் திறந்தபடியே அசையாமல் இருந்தது. முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது.

"நர்ஸுக்குப் போன் போடுங்க" என்றார் இவர்.

"போடறேன் அண்ணே" என்றவர், போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். பதினொன்று இருபது. பிறகுதான் அவர் கைகளைக் கவனித்தாள். "போய்க் கழுவிட்டு வாங்கய்யா."

"கை சுத்தமா இருந்திருந்தா, உடனே கூப்பிட்டிருப்பேன்."

"கூப்பிட்டிருந்தாலும் நான் வந்து சேர இருபது நிமிஷம் ஆயிருக்கும். நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"நான் வெளிய போனப்பவா, திரும்பி வந்தப்பவா?"

நர்ஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, நைட்டித் தோளில் காய்ந்திருந்த மாவை ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

கழுவப் பத்து நிமிஷம் ஆனது. மணிக்கட்டு முடிகளில் மாவு சிமெண்டாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினார். வலித்தது, இன்னும் அழுத்திச் சுரண்டினார்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். வழியிலேயே செய்தி தெரிந்து அழுது முடித்த முகம். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். "கடைசியா என்னப்பா சொன்னாங்க?"

உன்னைத்தான் கேட்டாள் என்று சொல்லலாம். சொன்னால் மகளுக்கு ஆறுதலாக இருக்கும். வாய் வரவில்லை.

"கையை நனைச்சுக்கச் சொன்னா."

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அங்கே கிண்ணத்தில் மாவு விளிம்பு தாண்டி, துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. அதுவும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

"அப்பா, இது எப்ப பிசைஞ்சது?"

"காலைல."

"அம்மா இருக்கும்போதா?"

"ஆரம்பிக்கும்போது இருந்தா."

மகள் கை நனைத்து மாவை மடித்துத் தகர அச்சில் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஓவன் கதவு மூடும் சத்தம்.

அடக்கம் மறுநாள் காலைதான். அதுவரை குளிர் அறையில் வைக்க ஐந்தரைக்கு வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர். மாடிப்படி குறுகல், எதிர்வீட்டுக்காரரும் ஒரு பக்கம் பிடித்தார். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்கப்பா."

அவர் எழுந்தார். நாலு எட்டு வைத்தார். வாசல் வரை வந்து நின்றுவிட்டார்.

"ஓவன் எரியுதே" என்றார். "யாராவது இருக்கணும்ல. நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். "சரிப்பா. இன்னும் இருவது நிமிஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அவர் சமையலறைக்குப் போய் ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் மஞ்சள் விளக்கு. ரொட்டி மேலே எழும்பி, ஒரு பக்கமாக வெடித்துக்கொண்டிருந்தது. கீழே "மெல்ல, மெல்ல, திருப்பு" என்று யாரோ சொன்னார்கள். வண்டிக் கதவைச் சாத்தினார்கள். சரியாக விழவில்லை போலிருக்கிறது, மறுபடியும் திறந்து சாத்தினார்கள். அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.