குப்பியில் அடங்காத மழை

தில்லி தர்பார் நடந்த வருஷம். சீவலப்பேரிக்கு மேற்கே ஒரு குளத்தின் கரையை உயர்த்த வேண்டியிருந்தது. அதற்குமுன் எஞ்சினியர் துரை ஒன்றே ஒன்று கேட்டார். இந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலம் முழுவதிலும் ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு மழை பெய்யக்கூடும்? இதுவரை பெய்தது அல்ல, பெய்யக்கூடியது. கேட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார். கேட்பவருக்கு என்ன, பதில் சொல்ல வேண்டியவர் ஓவர்சியர் சத்தியநேசன் அல்லவா?

பதிலைப் பொறுத்துத்தான் கலிங்கின் நீளம். குளம் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் கலிங்கு வழியே வெளியேற வேண்டும்; அது போதாவிட்டால் கரை உடையும், கீழே ஊர் இருக்கிறது. கலிங்கை ஒட்டி இசக்கியம்மாவின் வயல். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கலிங்கு நீண்டால் அது போய்விடும்.

சுற்றுவட்டாரத்தில் மழைமானி இருந்தது மிஷன் பள்ளிக்கூட முற்றத்தில் மட்டுமே; ஒரு தகர உருளை, அதற்குள் மழைத்தண்ணீர் சேரும் குப்பி. அதைப் பார்த்து எழுதுபவர் அங்கே வாத்தியாரான அருமைநாயகம், சத்தியநேசனின் அக்காள் புருஷன். அவர் எழுதியதில் மிகப் பெரிய மழை பெய்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கடுத்த பெரிய மழையும் திங்கட்கிழமைதான். சத்தியநேசனுக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் வேதபுத்தகத்தைத் தவிர எதையும் தொடமாட்டார். ஆக, திங்களன்று அளந்தது இரண்டு நாள் மழை. பாதியாக்கினால் பழைய கலிங்கே போதும். சந்தோஷத்தில் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வழியில் இசக்கியம்மாவைப் பார்த்து, வயலுக்கு ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அத்தானைக் கேலி செய்யும் ஆசையோடுதான் பள்ளிக்கூடம் போனார். ஞாயிற்றுக்கிழமை அளப்பதில்லை என்பதை அருமைநாயகம் கொஞ்சமும் கூசாமல் ஒப்புக்கொண்டார். அந்தத் திங்கட்கிழமை எப்படியிருந்தது என்று சத்தியநேசன் பேச்சுவாக்கில் கேட்டார்.

"குப்பி நெறஞ்சு வழிஞ்சு, வெளித் தகரத்துலயும் தண்ணி கெடந்துச்சு மாப்ள. குப்பில உள்ளத அளந்தேன். வழிஞ்சத வாழைக்கு ஊத்திட்டேன்."

"வழிஞ்சதும் மழதான அத்தான்?"

குப்பிக்குள் இருப்பதுதான் கணக்கு என்று அவர் நினைத்திருந்தாராம். சத்தியநேசனுக்குக் கோபம் தலைக்கேறியது. வாழை குடித்தது எவ்வளவு என்று இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. வீடு வந்து யோசித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பியது. அத்தான் ஒழுங்காக அளந்திருந்தால் மட்டும் என்ன? மழைமானி வைப்பதற்கு முன் பெய்த மழையை யார் கண்டார்? பாபநாசத்து மலையில் கொட்டும் மேகம் கொஞ்சம் கிழக்கே நகர்ந்து இங்கே நின்றுவிடக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? அங்கே பெய்த பெருமழையை இந்த நிலத்தின்மேல் வைத்துக் கணக்குப் போட்டார். கலிங்கு வயலைத் தாண்டிப் போயிற்று. மனம் கனக்க அப்படியே வரைந்தார்.

மறுநாள் ஆள் அனுப்ப மனசு வராமல் தானே போய்ச் சொன்னார். இசக்கியம்மா களை பறித்துக்கொண்டே கேட்டாள்.

"அம்புட்டு மழ எப்பய்யா பெய்யும்?"

"தெரியாதும்மா. பெய்யாமலே போனாலும் போவும்."

"பெய்யாத மழைக்கா என் வயலக் கேக்கிய?"

ஆமாம் என்றார். பெய்தால் ஊரே போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் வீடும் அந்த ஊரில்தானே இருக்கிறது, அவளுக்குத் தெரியாதா? அறுப்பு முடியும்வரை மண்வெட்டி இறங்காது என்று மட்டும் வாக்குக் கொடுத்தார். அதுவாவது அவர் கையில் இருந்தது.

இசக்கியம்மா கையிலிருந்த களையை வரப்பில் எறிந்தாள். பிறகு சொன்னாள்:

"அப்ப அந்த மழ வரணும்யா. நான் உசுரோட இருக்கையிலயே வரணும். வந்து ஊரு தப்பிச்சாத்தான், என் வயலு சும்மா போவலன்னு எனக்குத் தெரியும்."

அந்த மழை வரவே கூடாதென்றுதான் வழியெல்லாம் சத்தியநேசன் ஜெபித்துக்கொண்டு வந்திருந்தார்.