அளவு நூறு

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் இரண்டே வார்த்தை: அளவு நூறு. புதிதாக வருகிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். இங்கே கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுக்கிறார்கள். செய்ததைச் சரிபார்க்க பிரவுசரின் மூலையில் ஒரு பேனா வைத்திருக்கிறார்கள். அதை அமுக்கினால் பக்கத்தின் மேல் கண்ணாடி விரித்த மாதிரி ஆகிவிடும். வட்டம் போடலாம், கோடு இழுக்கலாம், எழுதலாம். அடியில் இருக்கும் பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. அலுவலகத்தில் வேறு யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கிறுக்கியது அப்படியே தெரியும்.

ஒரே ஒரு கோளாறு. எதன் மேல் எழுதுகிறோம் என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது. மேலிருந்து இவ்வளவு, இடமிருந்து இவ்வளவு என்று அளந்து வைத்துக்கொள்ளும். ஒருத்தர் பக்கத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எழுதினால், இன்னொருத்தர் கண்ணுக்கு அது கீழே வேறெதன் மேலோ போய் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பள்ளிக்கூடப் பக்கம் ஒன்றில், 'இங்கே வெறிச்சென்று இருக்கிறது, ஏதாவது போட்டு நிரப்பவும்' என்று எழுதிய குறிப்பு தலைமையாசிரியரின் வழுக்கையில் விழுந்துவிட்டது. டிசைனரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் முடி வரைந்து அனுப்பிவிட்டார். அதற்கப்புறம்தான், எல்லோரும் பக்கத்தை நூறு சதவீத அளவிலேயே வைக்க வேண்டும் என்று இந்தக் காகிதம்.

அந்த டிசைனருக்கு அலுவலகத்தில் மீசை என்று பெயர். ஐம்பது வயது, மீசை கிடையாது. பக்கங்களைச் சரிபார்க்கிறவளுக்குப் பேனாவின் நிறத்தை வைத்து சிவப்பு என்று பெயர். அவள் சொன்ன திருத்தங்களைச் செய்து பச்சையில் டிக் போடுகிறவன் பச்சை. சிவப்பும் பச்சையும் கணவன் மனைவி.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான்கு நாள் கழித்து மூன்று பேராகத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு பேராகவே திரும்பினார்கள்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சுதான் குழாயில் தண்ணீர் குறைகிற மாதிரி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வீட்டில் மிஞ்சியது 'சாவி', 'கதவு', 'லைட்' என்று ஒற்றை ஒற்றை வார்த்தைகள். அதுவும் ஒருநாள் நின்றது. ஆனால் ஒரு வீடு என்றால் சொல்ல வேண்டியது சிலது இருக்குமே. அதை அவள் அலுவலகத்தில், பக்கத்தின் ஓரத்தில் சிவப்பில் எழுதிவிடுவாள். செருப்புக் கடையின் பக்கத்தில் 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்று இருக்கும். பத்து நிமிஷத்தில் பச்சை டிக் விழும். சாயங்காலம் அழித்துவிடுவாள். ஒருநாள் 'தக்காளி இல்ல' என்று எழுதியதை அழிக்க மறந்துபோய், கடைக்காரருக்கு அனுப்பிய படத்தோடு அதுவும் போய்விட்டது.

"என்ன சிவப்பு, கடைக்காரர் போன் பண்ணினாரு" என்றார் மீசை. "எல்லாம் நல்லா இருக்காம். ஆனா செருப்புக்கும் தக்காளிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புது மாடல்னு சொல்லிட்டேன்."

அவள் சிரிக்க வேண்டிய இடம் அது. தெரிந்தது. உதடு அந்த அளவுக்கு நகர்ந்து திரும்பி வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் போன் செய்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். போன் மேஜை மேல் ஸ்பீக்கரில் இருந்தது. கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அந்தக் கட்டில்... சும்மாதானே இருக்கு. நீங்க வேண்டாம்னா வேண்டாம். புதுசே வாங்கிக்கலாம்னுதான் இவரு சொல்றாரு. நாந்தான், அண்ணன் ஆசையா வாங்கினதாச்சேன்னு..."

"ம்" என்றாள் அவள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மனசுக்குச் சரின்னு பட்டா மட்டும்."

"ம்."

போன் அணைந்தது. கணவன் ஒரு சட்டையை மூன்றாவது தடவையாக மடித்தான். கட்டில் இருந்த அறையின் கதவு சாத்தியபடியே இருந்தது. எட்டு மாதமாக அப்படித்தான்.

திங்கட்கிழமை பல் டாக்டர் ஒருவரின் பக்கத்தில், கீழ் மூலையில், பச்சையில் ஒரு வரி இருந்தது. 'தங்கச்சி கேட்டதுக்கு என்ன சொல்ல?'

அவள் அதற்கு டிக்கும் போடவில்லை, அழிக்கவும் இல்லை. பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினாள். என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். யோசனை வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

*

வியாழக்கிழமை வந்த பக்கம் குழந்தைகளுக்கான மரச் சாமான் விற்கிற கடையுடையது. அலுவலக முதலாளி அதைத் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

"வேற யாராவது பாக்கட்டுமாம்மா? மீசைகிட்டச் சொல்லவா?"

"அவரு எழுத்துப்பிழை பாத்தா கடை பேரே மாறிடும் சார். குடுங்க."

மேலே கடையின் பெயர். அதன் கீழே பெரிய எழுத்தில், 'முதல் நூறு பேருக்கு மெத்தை இலவசம்.' அதற்கும் கீழே கட்டில். வெளிர் நீலம், நாலு பக்கமும் கம்பி, தலைமாட்டில் குழந்தை உருட்டி விளையாட மூன்று மர உருண்டைகள்.

அவர்கள் வீட்டில் இருக்கும் அதே கட்டில்.

வீட்டுக் கட்டிலில் நடு உருண்டை சுற்றாது. வாங்கி வந்த அன்றே கண்டுபிடித்தாள். "உப்புத்தாள் போட்டுத் தேச்சா சரியாயிடும், குழந்தை வர்றதுக்குள்ள பண்ணிடறேன்" என்று சொல்லியிருந்தான். படத்தில் இருக்கும் கட்டிலிலும் நடு உருண்டை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க நினைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்தைப் பெரிதாக்கினாள். நூற்றிருபத்தைந்து. உருண்டைக்கும் கம்பிக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. மேஜையில் வைத்த காபி ஏடு கட்டியிருந்தது.

பிறகு வேலையைப் பார்த்தாள். மெத்தை இலவசம் என்ற அறிவிப்பு போன மாதத்தோடு முடிந்துவிட்டது என்று கடைக்காரர் அனுப்பிய தாளில் இருந்தது. அந்த வரியின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் எழுதினாள்: 'இது இனி வேண்டாம். எடுத்துடுங்க.'

பன்னிரண்டு மணிக்குப் பச்சையில் பதில் விழுந்தது. டிக் இல்லை, எழுத்து. 'சரி. நான் பாத்துக்கறேன்.'

இதற்கு எதற்கு இவ்வளவு வார்த்தை என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு மீண்டும் அந்தப் பக்கத்தைத் திறந்தால், மெத்தை அங்கேயே இலவசமாக இருந்தது. அவன் நாற்காலி காலி.

"அரை நாள் லீவு சொல்லிட்டுப் போனாரே, உங்ககிட்டச் சொல்லலையா?" என்றார் மீசை. சொல்லிவிட்டு, கேட்டிருக்கக்கூடாதோ என்று பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

"மெத்தை வரியை எடுக்கவே இல்ல. சரின்னு மட்டும் எழுதியிருக்காரு."

"எந்த மெத்தை? எனக்கும் அந்தப் பக்கம் திறந்துதான் இருக்கு. நீங்க கட்டிலையில்ல எடுக்கச் சொல்லியிருக்கீங்க. கடைக்காரர் கட்டில் விக்கறவரும்மா. கட்டிலை எடுத்துட்டா அப்புறம் அந்தப் பக்கத்துல படுக்கறது யாரு?"

அவள் எழுந்து போய் அவர் திரையைப் பார்த்தாள். சிவப்புப் பெருக்கல் குறி கட்டிலின் மேல், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கிடந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து. இது இனி வேண்டாம். எடுத்துடுங்க.

"உங்க அளவு என்னன்னு பாருங்க" என்றார் மீசை. "நெத்தியில ஒட்டினது எதுக்கு, அழகுக்கா?"

அவள் தன் திரைக்குத் திரும்பி வந்து பார்த்தாள். நூற்றிருபத்தைந்து.

பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, எங்க?"

"வீட்டுக்கு."

"மெத்தைக்கா இவ்வளவு அவசரம்?"

பஸ்ஸில் இருபத்தைந்து நிமிஷம். போனைக் கையில் எடுத்தாள். அவன் எண்ணை அமுக்கினால் போதும், ஒரு வரி சொன்னால் போதும். எடுத்தால் 'ஹலோ' என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவனிடம் எப்படிச் சொல்வாள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள். வரவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு முன்னால் இருந்தவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

அறைக் கதவு திறந்திருந்தது. அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கட்டில் ஆறு பலகையாகி, நைலான் கயிற்றில் கட்டிச் சுவரோரம் சாய்ந்திருந்தது. கவிழ்த்த டப்பா மூடியில் திருகாணிகள். தரையில் கட்டில் கால்கள் இருந்த இடத்தில் மட்டும் தூசியில்லாமல் நாலு சின்னச் சதுரம்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நாலு மணிக்கு வண்டி வருது" என்றான். "மாப்பிள்ளையே வர்றாரு."

அவள் சுவரோரப் பலகைகளைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா இந்தக் கதவைத் தாண்டிப் போறப்பல்லாம், நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு இருந்தேன். வைக்கலாம்னாவது. எடுக்கலாம்னாவது. இன்னிக்கு எழுதினே. லீவு சொல்லிட்டு வந்துட்டேன். சாயங்காலம்வரைக்கும் இருந்தா எனக்குக் கை வராது."

"எத்தனை திருகாணி?" என்றாள்.

"பதினாறு. எல்லாம் இருக்கு." மூடியை லேசாக ஆட்டிக் காட்டினான்.

அவள் உள்ளே வந்து, பலகைகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். தலைமாட்டுப் பலகைதான் மேலாக இருந்தது. கயிற்றுக்கு நடுவே விரலை நுழைத்து நடு உருண்டையைத் தள்ளினாள். அது சத்தமில்லாமல் சுற்றி நின்றது.

"எப்பப் பண்ணீங்க?"

"அப்பவே. நீ ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ. ரெண்டாம் நாள் துணி எடுக்க வந்தேன்ல."

"ரெண்டாம் நாள்தான் சொல்லிட்டாங்களே."

"ஆமா. சொன்னதுக்கு அப்புறம்தான் வந்தேன்."

அவள் இன்னொரு தடவை சுற்றினாள்.

"நான் கட்டிலைச் சொல்லல" என்றாள்.

"என்ன?"

"மெத்தை இலவசம்னு ஒரு வரி இருந்துதே. அதைத்தான் எடுக்கச் சொன்னேன். போன மாசமே முடிஞ்சுபோச்சு அது."

அவன் அவளையே பார்த்தான். பிறகு அலுவலகத்தில் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"அளவு?"

"நூத்தி இருபத்தஞ்சு."

"நீயா? உன்கிட்ட ஒருநாளும் மாறினதில்லையே."

"பெருசாக்கிப் பாத்துக்கிட்டிருந்தேன். மாத்த மறந்துட்டேன்."

"எதை?"

"நடு உருண்டை சுத்துமான்னு."

அவன் டப்பா மூடியைக் கீழே வைத்தான். கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, பக்கத்து வீட்டுக்கோ என்னவோ, இரண்டு தடவை ஹாரன் அடித்தது. இருவரும் அசையவில்லை. மூன்றாவது தடவை அடித்ததும், "மாப்பிள்ளைதான்" என்றான். "அவருக்கு ரெண்டு தடவை அடிச்சா பத்தாது."

"ம்."

"திரும்ப மாட்டிடலாம். அரை மணி நேர வேலை. அவருகிட்ட நான் சொல்லிக்கறேன், தங்கச்சி ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டா." பிறகு, "நீ சொல்லு. எழுத வேண்டாம், சொல்லு" என்றான்.

அவள் யோசித்தாள். திங்கட்கிழமை யோசித்தபோது வராத இடத்தில் இப்போதும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. அழுகை வருமோ என்று பார்த்தாள், அதுவும் இல்லை. எதிரே ஒருவன் முழங்காலில் மரத்தூளோடு உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக இவன் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான் போலிருக்கிறது. அவள்தான் வேறு அளவில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

"நிஜமாவா?"

"அந்தக் குழந்தை உருட்டட்டும். சுத்துதே."

அவன் தலையை ஆட்டினான். திருகாணிகளை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்து, கயிற்றில் செருகினான். பலகைக் கட்டை அவள் ஒரு முனையில் பிடித்தாள், அவன் மறுமுனையில். படி குறுகல்.

"பாத்து. இடது பக்கம் சுவர்."

"தெரியுது."

"கொஞ்சம் தூக்கு."

"தூக்கித்தான் இருக்கேன். நீங்க இறக்குங்க."

நாத்தனாரின் கணவர் கீழே வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்க ஏன் தூக்கறீங்க" என்று மட்டும் சொன்னார். ஏற்றியதும் உடனே கிளம்பிவிட்டார். திருப்பத்தில் ஒருமுறை ஹாரன் அடித்தார், பழக்க தோஷம்.

மேலே வந்து அவள் துடைப்பத்தை எடுத்தாள். அறையைப் பெருக்க ஆரம்பித்து, நாலு சதுரத்தை விட்டுவிட்டுப் பெருக்கினாள். பிறகு அவற்றையும் பெருக்கினாள். அவன் சமையலறையில் பாத்திரம் எதையோ எடுக்கிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு அதை எடுத்துடறேன்" என்றான் அங்கிருந்து.

"எதை?"

"அந்த மெத்தை வரியை."

"ம்" என்றாள். குப்பையை அள்ளினாள். பிறகு, "தக்காளி இல்ல" என்றாள்.