பின்முற்றத்தில் ஒரு புள்ளிக்கோடு

நோரீன் டக்வெல் தன் கையால் செய்த லாமிங்டன் கேக்குகளோடு அலுவலகத்துக்கு வந்திருந்தார். வீடு அவர் கைக்கு வர இன்னும் எட்டு நாள் இருந்தது. நன்றி சொல்லத்தான் வந்தேன் என்றார்.

வீடு வாங்குபவர்களுக்காகப் பத்திரங்களைப் படித்து, வில்லங்கம் பார்த்து, பெயர் மாற்றித் தரும் கன்வேயன்சர் நான். நோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவர் வாங்குவது பழைய பலகை வீடு. வீட்டைவிட அதன் பின்முற்றம்தான் அவருக்கு முக்கியம். நான்கு சக்கர குவாட் பைக் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த தம்பி கிளாரிக்கு அங்கே சாய்தளம் வைத்து ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும். அதுவரை கிளாரி, தன்னைவிட முப்பது வயது மூத்தவர்களோடு, இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு முதியோர் இல்லத்தில் கிடக்கிறார்.

நோரீன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய வியாழன். அதன்பின் மூன்று வேலைநாள்களுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். செவ்வாய் பந்தய விடுமுறை. நடுவில் மாட்டிக்கொள்ளும் திங்களை எங்கள் ஊரில் ஒருவரும் வேலைநாளாக மதிப்பதில்லை. சட்டம் மதிக்கிறது. அன்று நான் போர்ட் ஃபேரி கடற்கரையில் ஒரு நாவலோடு படுத்திருந்தேன். அதில் வேறொரு நாட்டின் பனியில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். நானும் கூடவே நடந்தேன்.

புதன் மாலை நோரீன் போனில் அழைத்தார். இன்றோடு கெடு முடிகிறதே, எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேட்டார். அவருடைய பத்திரக் கட்டு என் மேசையில் பிரிக்கப்படாமல் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். மற்ற வீடுகளில் எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை பிரித்தேன். மனை வரைபடத்தில், பின்முற்றத்தின் குறுக்கே, எறும்புச் சாரை போல ஒரு புள்ளிக்கோடு. மண்ணுக்கடியில் பொதுக் கழிவுநீர்க் குழாய். மேலே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று குடிநீர் வடிகால் அலுவலகத்தில் கேட்டேன். முடியாது என்றார்கள்.

ஐந்து வாரம் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுதான் என் தொழில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். போனில் பேசிய பெண் கனிவாகவே சொன்னார்: வாடிக்கையாளரை வேறொரு வழக்கறிஞரிடம் அனுப்புங்கள், தவறு உங்களுடையது என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒப்புக்கொண்டால் நாங்கள் பொறுப்பேற்காமல் போகலாம். சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார்.

“கிளாரிக்கு ஜன்னல் ரோட்டுப் பக்கம் பாத்த மாதிரி வேணுமாம்,” என்றார் நோரீன். “போற வர்ற பொம்பளைங்களப் பாக்கணுமாம். அம்பத்தெட்டு வயசுக் கழுதைக்கு ஆசையப் பாரு.”

காப்பீட்டுப் பெண் அனுப்பிய காகிதத்தை எடுத்தேன். அந்த வாக்கியத்தைப் படித்தேன்: இந்தக் கிரயம் குறித்து நீங்கள் தனியே ஒரு வழக்கறிஞரின் ஆலோசனை பெறுவது நல்லது.

“வக்கீல் எதுக்குக் கண்ணு? அதான் நீ இருக்கியே.”

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

“அந்தப் புதன்கிழமை உங்க பத்திரத்த நான் படிக்கவே இல்ல, நோரீன். படிச்சுட்ட மாதிரி பொய் சொல்லிட்டேன். பின்னாடி வீடு கட்ட முடியாது.”

வரைபடத்தைத் திருப்பி அவர் முன் வைத்தேன். புள்ளிக்கோட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார், வழி தெரியாத ஊரில் சாலையைத் தேடுபவர் போல.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். மறுநாளே தெரியும் என்றேன்.

“அப்ப ஒரு மாசத்துக்கு மேல, நான் கிளாரி வீட்டப் பத்திப் பேசப் பேச கேட்டுக்கிட்டே இருந்திருக்க.”

“ஆமா.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் ஒரு தாளை எடுத்து, புதன்கிழமை நடந்ததைத் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டேன். அடியில் பக்கத்து ஊர் வழக்கறிஞர் ஒருவரின் பெயரை எழுதி, இதை அவரிடம் காட்டுங்கள், இழப்பீடு கேட்க உதவும் என்றேன். உனக்கு இதனால் தொந்தரவு வராதா என்று கேட்டார். வரும் என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“இத என்னால அவன்கிட்ட சொல்ல முடியாது. நீயே சொல்லு,” என்று போனில் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

மறுமுனையில் யாரோ சத்தமாக வைத்திருந்த தொலைக்காட்சி. பிறகு ஓர் ஆண் குரல், உற்சாகமாக, “சொல்லுக்கா,” என்றது. நான் என் பெயரைச் சொன்னேன்.