பச்சை கேட்டுக்கு முன்னால்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. செய்தவன் நான். 'மறைக்க ஒன்றுமில்லை' என்று அடுத்து எழுதினேன், அடித்துவிட்டேன். நிறையவே இருக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: "மணிலா அன்று காலை..." (வேண்டாம். முப்பது வருடமாக இங்கே குப்பை கொட்டுகிறவனுக்கு இந்த ஊர் எங்கே கண்ணில் படுகிறது?) ஊருக்குப் புதிய கண் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அது ஜீப்னி என்கிற இந்த ஊர் ஷேர் வண்டியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தது.

2

எர்லிந்தா. சமார் தீவுக்காரி. அன்று காலைதான் கப்பலை விட்டு இறங்கியிருந்தாள். இருபது பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டிருந்தோம். குனிந்தால்தான் தெரு தெரியும்.

"தம்பி, பெரியாஸ்பத்திரி வந்தா சொல்றீங்களா? எம் புருஷன் சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு. பத்து மணிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஆப்பரேஷனாம்."

"ஆஸ்பத்திரிக்குப் பச்சை கேட்டு, அக்கா. வந்ததும் நான் சொல்றேன்."

"வண்டி நிக்கணும்னா கூரையத் தட்டணும்மா," என்றார் டெல்ஃபின், வண்டியை ஓட்டிக்கொண்டே. "மனசுக்குள்ள நெனச்சா எனக்குக் கேக்காது."

மணி ஒன்பது நாற்பது.

(ஒரு வரைவில் இவளை வாயாடியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு ஹாரனுக்கும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.)

3

குனிந்து தெருவைப் பார்த்தவள் கேட்டாள்: "யாரு தம்பி செத்துட்டா?"

"யாரும் சாகலையேக்கா."

"எங்க ஊர்ல இத்தனை பேரு ஒண்ணா ரோட்டுல நின்னா எழவுதான்."

பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்தார். "இங்க தலைகீழம்மா. செத்தாத்தான் வீட்டுல கெடப்போம்."

நான் நோட்டை எடுத்துவிட்டேன். இப்படியொரு பேச்சு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் முதுகுக்குப் பின்னால் பச்சை கேட் போனது. பார்த்தேன். (நான்கு வரைவுகளில் 'கவனிக்கவில்லை' என்றே எழுதியிருந்தேன்.) வாக்கியம் முடிய இரண்டு சொல்தான் பாக்கி. முடித்தேன். அப்புறம் சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே பாலம்வரை போய்விட்டேன்.

"இன்னும் வரலையா தம்பி?"

கூரையைத் தட்டினேன்.

"ஆஸ்பத்திரியா? அது அப்பவே போயாச்சே!" டெல்ஃபின் தலையில் அடித்துக்கொண்டார். "படிச்ச மனுஷன், பக்கத்துல இருந்து என்னய்யா கிழிச்ச?"

ஒன்பது ஐம்பத்திரண்டு. அவள் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "பரவால்ல தம்பி, நீங்க எழுதிட்டு இருந்தீங்க," என்றாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே, எதிரே வந்த வண்டிகளுக்கு நடுவில் ஓடினாள்.

4

முடிவு ஒன்று: ஒன்பது ஐம்பத்தொன்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

முடிவு இரண்டு: அவள் படியேறியபோது அந்த ஆப்பரேஷன் மேஜையில் வேறொருவரை

(முடியவில்லை.)

உண்மை எதுவென்று எனக்குத் தெரியாது. விசாரிக்கப் போகவில்லை. பயம்தான், வேறென்ன.

அதனால் கதையைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். மணி ஒன்பது நாற்பத்தேழு. பெரியவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். எர்லிந்தா என் முகத்தையே பார்க்கிறாள். அதோ, அவள் தோளுக்கு மேலே, பச்சை கேட் வருகிறது. என் கையில் பேனா இருக்கிறது. எத்தனை முறை எழுதினாலும் நான் அதைக் கீழே வைப்பதில்லை.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? கூரையைத் தட்டுங்கள்.